கரண்டு ரூமுக்கு வந்த சாமியாடி

கிளினிக்கில் என் அறைக் கதவில் 'பிசியோதெரபி' என்று நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடம் கேட்டாலும், "கரண்டு ரூமா? அந்த லாட்ஜுக்கு அடுத்த கட்டடம், மாடி" என்றுதான் வழி சொல்வார்கள். ஆகவே நான் கரண்டு ரூம் பொண்ணு. சென்னையில் ராப்பகலாகப் படித்து வாங்கிய பட்டத்துக்கு மதுரை வைத்த பெயர் அது.

அறையில் இருந்தவை: உயரமான கட்டில் இரண்டு, நடுவில் ஒரு திரை, ஆளுயரக் கண்ணாடி, மணல் மூட்டைகள், உப்புத் தண்ணீர் நிறைந்த பேசின், ரப்பர் பட்டைகள், மிஷின். மிஷின் என்பது தையல் மிஷின் மூடி அளவுக்கு ஒரு பெட்டி. முன்பக்கம் திருகு இரண்டு, சிவப்பு விளக்கு ஒன்று. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பும். ஒயர் முனையில் உள்ள தகட்டை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, தோல்மேல் வைத்துக் கட்டி, திருகை மெதுவாகத் திருப்பினால் மெல்லிய கரண்டு விட்டு விட்டுப் போகும். அடியில் இருக்கும் தசை சுருங்கும், தளரும், சுருங்கும். ஊசி கிடையாது, கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. அதனாலேயே பாதிப் பேருக்கு அது வைத்தியமாகவே தோன்றவில்லை. மீதிப் பேருக்கு அது ஒன்றுதான் வைத்தியம்.

வந்தவர்களை நான் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். கரண்டு என்றதும் செருப்பைக் கழற்றாமல் நிற்பவர்கள். "இன்னும் கொஞ்சம் கூட்டி வையிங்கம்மா, உறைக்கவே இல்ல" என்று குழம்புக்குக் கேட்பது போலக் கேட்பவர்கள். வீட்டில் மின்வெட்டு, இங்கே ஃபேன் ஓடுகிறது என்பதற்காக முழங்கால் வலியோடு வருபவர்கள். மூன்றாவது வகையினர் எங்கள் பக்கம் மின்வெட்டு வந்ததும் உடனே குணமாகி எழுந்து போய்விடுவார்கள்.

டாக்டர் நல்லவர். எதையும் நம்புவார். தான் வாங்கிய பொருளை இன்னும் கூடுதலாக நம்புவார். மிஷினும் அவர் வாங்கியதுதான்.

இந்த மூன்று வகையிலும் சேராத ஒருவர் ஒரு தை மாதம் வந்தார். பரவைக்கு அங்கிட்டு ஒரு கிராமம். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். நல்ல உயரம், முறுக்கின மீசை, பின்னால் முடிந்த குடுமி, இரண்டு ஏக்கர் நெல்லும் கொஞ்சம் மல்லிகையும் போடுகிற விவசாயி. ஊர்க் காவல் தெய்வமான கருப்புக்கு அவர்தான் சாமியாடி. அதாவது வருடா வருடம் கும்பிடு நடக்கும்போது கருப்பு அவர் மேல் இறங்கி ஊருக்கு வாக்குச் சொல்லும். இதையெல்லாம் சொன்னது அவர் இல்லை, அவர் மனைவி. அவர் கதவுப்படியிலேயே நின்றுவிட்டார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றார்.

"உள்ள போறீகளா, இல்ல பஸ் வரும்னு நிக்கிறீகளா?" என்று அந்த அம்மாள் பின்னாலிருந்து கேட்டார்.

"போறேன், போறேன். காலு கேக்க மாட்டேங்குது."

"காலு மட்டுமா கேக்க மாட்டேங்குது? முப்பது வருசமா நீங்களுந்தேன் கேக்கல."

ஒருவழியாக வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மடியில் வைத்த வலது கை ஆடத் தொடங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுற்றுவது போல உருட்டிக்கொண்டே இருந்தன. முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. கண் இமைப்பது குறைவு. டாக்டர் சீட்டில் எழுதி அனுப்பியதைப் படிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நடுக்குவாதம். மூளையில் ஒரு சின்ன இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் வருவது. தேய்ந்தது தேய்ந்ததுதான். மாத்திரை உண்டு. அது சென்னையிலிருந்து வர வேண்டும்; வந்தால் கொஞ்ச காலம் தாங்கும். கரண்டு? சீட்டில் 'கைக்கும் காலுக்கும் கரண்டு' என்று எழுதி, நம்பிக்கையோடு அடிக்கோடும் போட்டிருந்தார் டாக்டர்.

"சாமி வந்து ஆடினப்பகூட இம்புட்டு ஆடலம்மா. இப்பச் சோத்துத் தட்டை வச்சுக்கிட்டு ஆடுறாரு" என்றார் அந்த அம்மாள்.

"வேலை செஞ்சா நின்னுருது. சும்மா இருந்தாத்தேன் ஆடுது" என்றார் அவர்.

"அதைத்தேன் நானும் சொல்றேன், சும்மா இருக்காதீகன்னு."

முன்கையில் தகட்டைக் கட்டினேன். திருகைத் திருப்பினேன். அவர் விரல்கள் சட்டென்று மடங்கி முஷ்டியாகின. விரிந்தன. மறுபடி முஷ்டி.

அடுத்த கட்டிலில் ஒரு ரேஷன் கடை கிளார்க் படுத்திருந்தார். ஒரு பக்க முகம் கோணிப்போனதற்காக வருபவர். திரைக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார். எழுந்தார். செருப்பில்லாத காலோடு வந்து, இரண்டு கையையும் குவித்து, "யாரு வந்திருக்கீக?" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவர் மேல் சாமி வந்தால் முதலில் யார் என்று கேட்க வேண்டும். கேட்காமல் நின்றால் மரியாதைக் குறைவு. அந்த அம்மாளும் பழக்கதோஷத்தில் எழுந்து கும்பிட்டுவிட்டார்.

நான் "கரண்டுதான் வந்திருக்கு, போய்ப் படுங்க" என்றேன்.

கிளார்க் விடுவதாக இல்லை. "சாமி, எனக்கு மேலூர் பக்கம் மாறுதல் கிடைக்குமா? ஒரு வார்த்தை சொல்லணும்."

"முதல்ல உன் வாய் நேராகட்டும்ணே, அப்புறம் ஊர் மாறலாம்" என்றார் சாமியாடி. சிரிக்காத முகத்தோடு. அந்த நோயில் முகம் சிரிக்காது. அது எனக்குத் தெரியும், கிளார்க்குக்குத் தெரியாது. வாக்குக் கிடைத்துவிட்டது என்று பயந்து போய் அவர் மறு பேச்சில்லாமல் படுத்துக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது அந்த அம்மாள் வெற்றிலை வாங்கக் கீழே போயிருந்தார். சாமியாடி குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, ஒன்னு கேக்கணும். பங்குனியில எங்க ஊர்க் கும்பிடு. ரெண்டு பேரு அருவாளைத் தாங்கிப் பிடிப்பாக, வெட்டு வாய் மேல பார்த்து இருக்கும். நான் அதுமேல ஏறி நின்னுதேன் வாக்குச் சொல்லணும். போன வருசமே காலு தடுமாறுச்சு. கூட்டம் பாக்கல. எனக்குத் தெரிஞ்சுச்சு."

"இந்த வருசம் ஏறாதீங்க."

"ஏறலேன்னா சாமி என்னைய விட்டுப் போயிருச்சும்பாக. ஏறி விழுந்தா சாமியே தள்ளி விட்டுருச்சும்பாக. ரெண்டுல எது நடந்தாலும் என் பங்காளி அருவாளை எடுத்துக்கிருவான். அது கெடக்கட்டும். எனக்கு வேற ஒரு விசனம்."

"என்ன?"

"ஊருல இப்பவே எலுமிச்சம்பழத்தோட வாராக. இருபத்து நாலு மணி நேரமும் கருப்பு எம்மேலயே குடியிருக்குன்னு. டீக்கடையில கை ஆடுனா டீக்கடைக்காரன் கும்புடுறான். இது நரம்புய்யான்னு சொன்னா, சாமி தன்னை மறைக்குதுங்கிறான். இதைச் சாமின்னு சொல்லியே நான் காலத்தை ஓட்டிரலாம். ஆனா அது களவு தாயி. சாமி வந்துட்டுப் போகும். இது போக மாட்டேங்குது."

நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"சாமி வந்தா கால் பெருவிரல்லருந்து சுர்ருன்னு ஏறும். இது கையிலயே கெடந்து உருட்டுது. இந்த உருட்டல்ல அந்தச் சுர்ரு வந்தாலும் எனக்குத் தெரியாமப் போயிருமோன்னு பயமா இருக்கு. இதைக் கொஞ்சம் அடக்கிக் குடு. கும்பிடு அன்னைக்கு வாரது யாருன்னு எனக்குத் தெரியணும். அம்புட்டுத்தேன்."

பாடத்திட்டத்தில் இதற்கு அத்தியாயம் இல்லை. தசை வலுவா, மூட்டு விறைப்பா, நடையா என்று கேட்டு எழுதிக்கொள்ள எனக்குப் பழக்கம். 'தெய்வத்துக்கும் நரம்புக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்' என்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

டாக்டரிடம் போனேன். மிஷின் தசையை அசைக்கும், மூளையைத் தொடாது என்றேன். அவர் உற்சாகமாகி, "அப்ப நெத்தியில வச்சுப் பார்ப்பமே? வியாதி தலையில, கரண்டு காலுலன்னா என்னம்மா நியாயம்? வெளிநாட்டுல அப்படியெல்லாம் வைக்கிறாங்கன்னு எங்கேயோ படிச்சேன்" என்றார். எங்கே படித்தார் என்பது அவருக்கு ஞாபகமில்லை. இந்த மிஷின் அதற்கானது இல்லை, வைக்க மாட்டேன் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணிக்கு மட்டும்தான் வைப்பேன் என்று ஒருத்தி அடம்பிடிப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சாமியாடியும் அதையே கேட்டார். "தலைக்கு வையேன்."

"தலைக்கு வைக்கிற மிஷின் வேற. அது மனநல ஆஸ்பத்திரியில இருக்கு. அதை வச்சா நீங்க வாக்குச் சொல்றது இருக்கட்டும், எங்க வந்திருக்கோம்னே கொஞ்ச நேரம் சொல்ல மாட்டீங்க."

"அப்ப வேணாம்" என்றார் அந்த அம்மாள். பிறகு யோசித்து, "கொஞ்ச நேரம்னா எம்புட்டு நேரம்?" என்றார்.

கடைசியில் நான் முடிவு செய்தது இது. மாத்திரை கையைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் காலைப் பார்க்கிறேன். கெண்டைக்கால் விறைத்து, முன்கால் தசை சோம்பிக் கிடப்பதால் பாதம் தேய்கிறது. முன்காலில் கரண்டு வைத்தால் பாதம் நிமிரும், அந்தச் சூட்டோடு நடக்கப் பழக்கலாம். கரண்டின் பலன் அவர் பஸ் ஏறும்வரைகூடத் தாங்காது என்பது எனக்குத் தெரியும். அவரிடமும் சொன்னேன். "இப்ப நல்லாருக்குல்ல, அது போதும்" என்றார். விவசாயிகள் மழையைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். நேராக நிற்கவைத்து, பின்னால் நின்று, தோளைப் பிடித்துச் சட்டென்று என் பக்கம் இழுக்க வேண்டும். சரியாக இருப்பவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்துச் சமாளிப்பார். இவர் எட்டு வைக்கவில்லை. வெட்டிய தென்னை போல அப்படியே சாய்ந்தார். நான் அவரைத் தாங்கினேன். என்னை மணல் மூட்டை தாங்கியது. இருவரும் தரையில் இருந்தோம்.

அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "கல்யாணம் ஆகாத புள்ளை அது, எந்திரிங்க!" என்று அவரை அதட்டினார்.

"அய்யா, அருவா மேல ஏறுனா இதுதான் நடக்கும்" என்றேன் தரையிலிருந்தே.

"கருப்பு தாங்கும்."

"தாங்கட்டும். இப்ப எங்க போனாராம்?"

அன்றிலிருந்து அவர் ஏறுவதைப் பற்றிப் பேசும்போது தரையைப் பார்த்துப் பேசினார்.

கதவுப்படியில் கால் ஒட்டிக்கொள்வதற்கு மட்டும் என்னிடம் ஒரு வழி இருந்தது. அறையின் தரையில் குறுக்கே குறுக்கே வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டினேன். நடக்காதீர்கள், ஒவ்வொரு கோடாகத் தாண்டுங்கள் என்றேன். நட என்றால் நின்ற கால், தாண்டு என்றால் தாண்டியது. ஏன் என்று முழுதாக இன்றுவரை எனக்குத் தெரியாது. கரண்டு வைத்துவிட்டுக் கோடு, கோடு முடிந்து கரண்டு என்று மாசி முழுக்கப் போயிற்று. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோடுகளைத் தாண்டும்போது மீசையும் நெஞ்சும் நிமிர்ந்து, ஏதோ ஊரைக் கைப்பற்றப் போகிறவர் போல இருப்பார். கிளார்க் கட்டிலில் இருந்தபடியே கும்பிடுவார். அவருடைய வாய் அதற்குள் நேராகிவிட்டிருந்தது. அது தானாகவே சரியாகிற கோணல். பெயர் கருப்புக்குப் போயிற்று.

மாசிக் கடைசியில் பங்காளி வந்தார். சாமியாடியின் சித்தப்பா மகன், பத்து வயது இளையவர், பளபளவென்று டெரிலின் சட்டை. முழங்கால் வலி என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்திருந்தார். முட்டியை அழுத்தினேன், வலிக்கவில்லை. மடக்கினேன், நன்றாக மடங்கியது.

"உண்மையச் சொல்லுங்கண்ணே. எதுக்கு வந்தீங்க?"

அவர் கதவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "எங்க அண்ணனுக்குக் கரண்டு வச்சுக் கருப்பை வெரட்டிட்டதா ஒரு பேச்சு ஊருல ஓடுது."

"யார் கிளப்பினது?"

"அது… நாந்தேன். அதை விடுங்க. வெரட்டுனா அது எங்கிட்டாவது போகணும்ல? எனக்கு இதுவரைக்கும் ஆட்டமே வந்ததில்லம்மா. மேளம் அடிச்சாலும் வரல. சாட்டை குடுத்தாலும் வரல. அதே மிஷினுல எனக்கும் கொஞ்சம் வச்சு விடுங்க. சும்மா தொடக்கி மட்டும் விடுங்க, அதுக்கப்புறம் நான் பாத்துக்கிருவேன்."

சைக்கிளைத் தள்ளிவிடச் சொல்வது போலக் கேட்டார். டாக்டரின் சீட்டில் முழங்காலுக்குக் கரண்டு என்று இருந்தது. சீட்டுப்படி தொடையில் வைத்தேன். திருகு அசைந்ததும் கால் துள்ளியது.

"வருது! வருது!" என்று கத்தினார்.

நிறுத்தினேன்.

"போயிருச்சு" என்றார், பரிதாபமாக.

மறுபடி திருகினேன். "வருது!" நிறுத்தினேன். அவர் ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையை நீவிக்கொண்டு எழுந்து போனார். படியிறங்கும்போது முழங்கால் அருமையாக வேலை செய்தது.

பங்குனிக் கும்பிட்டுக்கு நான் போனது பக்தியால் இல்லை. விழுந்தால் இடுப்பு எலும்பு. அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது சந்தேகம். ஒரு கட்டுத் துணி, முறிந்த எலும்புக்கு அணை கொடுக்க இரண்டு பலகைச் சிம்பு, கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்திரி, டார்ச் லைட் ஆகியவற்றை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உச்சிவெயிலில் நடக்கும் கும்பிட்டுக்கு டார்ச் எதற்கு என்று வீட்டில் அம்மா கேட்டாள். படித்த முதலுதவிப் பட்டியலில் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் வேப்பமரத்தடியில் கருப்பின் பீடம். வரிசையாகச் சாத்திவைத்த அரிவாள்கள், வேண்டுதலுக்கு ஊரார் கொடுத்தவை. சாமியாடி மஞ்சள் வேட்டியில், மாலையோடு, மரத்தடியில் நின்றிருந்தார். வலது கை உருட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் குலவையிட்டார்கள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் அருகில் வந்து நின்று, என் கூடையைப் பார்த்து, "கொண்டாந்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார். வழக்கமான கிண்டல் ஒன்றும் வராததே எனக்குப் பயமாக இருந்தது.

உறுமி மேளம் தொடங்கியது. மேளக்காரர் அவருக்கு நேரே வந்து நின்று அடித்தார். வெகு நேரம் அடித்தார். கை மட்டும்தான் ஆடியது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. டெரிலின் சட்டை இரண்டு எட்டு முன்னால் வந்தது.

அப்போது நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். முதலில் கை நின்றது. சுத்தமாக நின்றது. பிறகு வலது கால் பெருவிரல் தரையைக் கிண்டியது. அங்கிருந்து கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று ஏறிய அதிர்வு நான் படித்த எந்த நடுக்கமும் இல்லை. தலைமுடி அவிழ்ந்தது. அந்த அம்மாள் கையைக் குவித்து முதல் ஆளாகக் கேட்டார்: "யாரு வந்திருக்கே?"

"நான்தேண்டா கருப்பு!"

இரண்டு பேர் அரிவாளைத் தாங்கிப் பிடித்தார்கள், வெட்டு வாய் மேலே பார்க்க. நான் கூடையிலிருந்து சிம்பை எடுத்துவிட்டேன். அவர் அதன் முன்னால் வந்து நின்றார். கால் ஒட்டிக்கொண்டது. கதவுப்படியில் நிற்பாரே, அதே நிலை. ஊர் மூச்சைப் பிடித்தது.

"எறக்குடா கீழ!" என்று கருப்பு உறுமியது. "முப்பது வருசமா ஒத்த அருவாளை ஏந்திக்கிட்டு நிக்கிறீக, எனக்கென்ன ஒரு அருவாத்தேனா? பீடத்துல உள்ள அம்புட்டையும் எடு! மந்தையில குறுக்க போடு! நான் ஊரைத் தாண்டிக் காவல் போகணும்!"

ஓடினார்கள். அரிவாள்களை எடுத்து வந்து குறுக்கே குறுக்கே போட்டார்கள். நெருக்கிப் போட்டபோது கருப்பு கோபித்துக்கொண்டது. "தள்ளிப் போடுடா! இன்னும் தள்ளி!" எவ்வளவு தள்ளி என்று காலை நீட்டிக் காட்டியது. அந்த இடைவெளியை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டியவள் நான்.

அவர் தாண்டினார். இடுப்பில் கை, நெஞ்சு நிமிர்ந்து, மீசை விறைத்து, ஒவ்வொரு அரிவாளாக, உறுமியின் அடிக்கு ஒரு எட்டாக, மந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. ஒரு இடத்திலும் பாதம் தேயவில்லை. ஊர் அப்படி ஒரு கருப்பைப் பார்த்ததில்லை. என் பக்கத்தில் இருந்த ஒருவர், "போன வருசம் வந்தது சின்னக் கருப்பு போலய்யா, இந்த வருசந்தேன் பெரிய கருப்பே வந்திருக்கு" என்றார்.

கோடியில் திரும்பி, கருப்பு பங்காளியைப் பார்த்து விரலை நீட்டியது. "ஒனக்கு அருவா மேல ஏறணுமாடா? ஏறு. இப்பவே ஏறு." டெரிலின் சட்டை முழங்காலைத் தடவிக்கொண்டு, வலி இருக்கிறது, டாக்டர் சீட்டே இருக்கிறது என்றது.

மலையேறிய பிறகு, அதாவது சாமி இறங்கிப் போன பிறகு, அவரை மரத்தடியில் உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். கை பழையபடி உருட்டத் தொடங்கியது. நான் அருகில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"தெரிஞ்சுச்சா அய்யா?"

"தெரிஞ்சுச்சு தாயி. பெருவிரல்லருந்துதேன்." அவர் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தில் அதுவரை நான் எதையும் பார்த்ததில்லை.

"அருவாளைக் கீழ போடச் சொன்னது யாரு? கருப்பா, நீங்களா?"

"சாமி வந்தா நமக்கு எதும்மா ஞாபகம் இருக்கு?" என்றார்.

அந்த அம்மாள் சோடாப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். "குடிச்சது போதும், வேட்டியில பாதி ஊத்தியாச்சு. வீட்டுல சொன்னா இந்த மனுசன் ஒரு சொம்பை இடம் மாத்தி வைக்க மாட்டாரு. இன்னைக்கு அருவாளை இங்கிட்டுத் தள்ளு, அங்கிட்டுத் தள்ளுன்னு என்னா அதிகாரம்!"

அடுத்த வாரம் வழக்கம் போல வந்தார். கதவுப்படியில் நின்றார், கோட்டைப் பார்த்தார், தாண்டி உள்ளே வந்தார். முன்காலில் தகட்டைக் கட்டித் திருகைத் திருப்பினேன். பாதம் துள்ளியது. அடுத்த கட்டிலில் புதிதாக வந்திருந்த தோள்பட்டை வலிக்காரர் கேள்விப்பட்டுவிட்டார் போலிருக்கிறது, எழுந்து வந்து கை குவித்து, "யாரு வந்திருக்கீக?" என்று ஆரம்பித்தார்.

சாமியாடி துள்ளும் பாதத்தைப் பார்த்தார். உருட்டும் கையைப் பார்த்தார்.

"போய்ப் படுப்பா. காலுல கரண்டு, கையில நரம்பு. அவரு பங்குனிக்குத்தேன் வருவாரு."